கண் சொல்வதைக் கை நம்பும்

எர்ணாகுளம் சந்திப்பில் நாம் ஏறி உட்கார்ந்த வண்டி இன்னும் புறப்படவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் வண்டி மெல்ல நகர்கிறது. நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் தோன்றுகிறது. மனதுக்குத் தோன்றுவது மட்டுமல்ல, உடம்பே முன்னால் சாய்வது போல் இருக்கிறது. எதிர்ப்பக்கம் திரும்பி பிளாட்பாரத்துத் தூணைப் பார்த்த பிறகுதான் நாம் நின்ற இடத்திலேயே இருப்பது தெரிகிறது. ஊருக்குப் போய்வரும் நம் குடும்பங்களில் இந்த அனுபவம் இல்லாதவர் இருக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருக்கையில் குலுக்கல் இல்லை. காலடியில் அதிர்வு இல்லை. உடம்பிடம் இருந்த சாட்சியம் முழுவதும் 'வண்டி நிற்கிறது' என்றே சொன்னது. ஆனாலும் கண் 'நகர்கிறது' என்று சொன்னதும் உடம்பு தன் சாட்சியத்தை விட்டுவிட்டுக் கண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டது.

இன்று நம் பிள்ளைகள் பெரிய கடைவளாகங்களில் தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு விளையாடுகிறார்கள். கணினி வரைந்து காட்டும் பள்ளத்தாக்கின் மேல் ஒரு பலகையில் நடக்கும்போது, காலுக்குக் கீழே கடையின் சமதளத் தரை இருக்கிறது என்று தெரிந்தும் கால் நடுங்குகிறது. இதை 'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்கிறார்கள். தமிழில் 'மெய்நிகர் உலகம்' என்று அழகான பெயர் அமைந்திருக்கிறது. நம் மொழியில் மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பும்கூட. ஐம்பொறிகளை மெய், வாய், கண், மூக்கு, செவி என்று எண்ணும்போது, தொடு உணர்வுக்கு உரிய பொறி மெய்தான். தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது முதல் அறிவாக வைப்பது தொடு உணர்வை. காட்சி அதில் நான்காவது.

ஆனால் மெய்நிகர் உலகத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. அங்கே கண் முதலாளி, கை தொழிலாளி. இது ஏன் நடக்கிறது, இதனால் வரும் நன்மை என்ன, ஆபத்து என்ன என்பதை எனக்குத் தெரிந்த வகையில், ஒரு பழைய ரயில்வே பட்டறைக்காரனின் பார்வையில் எழுதுகிறேன்.

ஒரே எடை, இரண்டு டின்

கணினியைத் தொடுவதற்கு முன் சமையலறையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்தால் நல்லது. ஐந்து லிட்டர் எண்ணெய் டின் ஒன்று, சிறிய டின் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அரிசியோ மணலோ போட்டு, டின்னோடு சேர்த்துச் சரியாக ஒரு கிலோ வரும்படி தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக எல்லோரும் சிறிய டின்தான் கனம் என்பார்கள். தராசில் வைத்துக் காட்டிய பிறகு மறுபடி தூக்கினாலும் சிறியதுதான் கனமாகத் தெரியும். அறிவு திருந்திவிடும், ஆனால் கை திருந்தாது.

பிறகு இரண்டு டின்களையும் கயிற்றில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். இப்போது இரண்டும் ஒரே கனமாக இருக்கும். டின்னின் பருமன் தெரியாதபோது கை நியாயமான தராசாகிவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் சார்பாண்டியே இதை 1891ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். பெரிய பொருள் கனமாக இருக்கும் என்று நாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கிறோம். கணக்குக்கு மாறாக அது எளிதாக வந்துவிட்டால் லேசு என்று தோன்றுகிறது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் வாங்கி விற்றவர்கள் சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்துத் தரம் சொல்வார்கள். ஆனால் எடை என்று வரும்போது தராசைத்தான் நம்புவார்கள். அதற்குக் காரணம் இதுதான்.

ஸ்பிரிங் சொன்ன பாடம்

ரயில் பெட்டியின் போகியில் கம்பிச்சுருள் ஸ்பிரிங்குகள் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளுக்கு உரிய ஸ்பிரிங்குகள் பட்டறைக்கு வந்தால் அவற்றை இயந்திரத்தில் வைத்துக் குறிப்பிட்ட சுமையால் அழுத்துவார்கள். அழுத்திய நிலையில் உயரம் எவ்வளவு என்று அளந்து, ஏ, பி, சி என்று மூன்று பிரிவாக்கி வண்ணம் பூசி வைப்பார்கள். ஒரே போகியில் ஒரே பிரிவு ஸ்பிரிங்குகளைத்தான் போட வேண்டும். இல்லையென்றால் பெட்டி ஒரு பக்கம் சாயும். வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு சுமை ஏறும்போதுதான் வெளிப்படும்.

ஒரு ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பானது என்பதற்குக் கணக்கு எளிது. கொடுத்த சுமையை அது அழுந்திய தூரத்தால் வகுத்தால் போதும். 100 கிலோ சுமைக்கு 10 மில்லிமீட்டர் அழுந்தும் ஸ்பிரிங்கை விட 5 மில்லிமீட்டர் மட்டும் அழுந்துவது இரண்டு மடங்கு விறைப்பு. நாம் கையால் ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும்போது மூளையும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. சுமை எவ்வளவு, தூரம் எவ்வளவு என்ற இரண்டு தகவல்கள் அதற்குத் தேவை.

இந்த இடத்தில்தான் நம் நாட்டிலிருந்து சென்ற ஓர் அறிஞரின் ஆராய்ச்சி வருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடு உணர்வுக்கென்றே ஓர் ஆய்வகம் அமைத்தவர் மாண்டயம் ஸ்ரீநிவாசன். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996இல் வெளியிட்ட சோதனை இது. கணினியோடு இணைத்த ஒரு கைப்பிடி. திரையில் இரண்டு ஸ்பிரிங்குகளின் படம். கைப்பிடியை அழுத்தினால் உண்மையான ஸ்பிரிங்கை அழுத்துவது போலவே கைக்கு எதிர்ப்பு கிடைக்கும், திரையில் உள்ள ஸ்பிரிங்கும் அழுந்துவது தெரியும். இரண்டில் எது விறைப்பானது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சூட்சுமம் திரையில் இருந்தது. கை நகர்ந்த தூரமும் படத்தில் ஸ்பிரிங் அழுந்திய தூரமும் பொருந்தாதபடி அவர்கள் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனார்கள். கடைசிக் கட்டத்தில் படம் முற்றிலும் தலைகீழ். விறைப்பான ஸ்பிரிங் திரையில் நன்றாக அழுந்துவதாகவும், தளர்வான ஸ்பிரிங் கொஞ்சமே அழுந்துவதாகவும் காட்டினார்கள். சோதனைக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தளர்வானதை விறைப்பு என்றும், விறைப்பானதைத் தளர்வு என்றும் சொன்னார்கள். சுமை எவ்வளவு என்பதைக் கையிடம் கேட்டுக்கொண்டார்கள். தூரம் எவ்வளவு என்பதைக் கண்ணிடம் கேட்டுக்கொண்டார்கள். தன் சொந்தக் கை எவ்வளவு நகர்ந்தது என்று கையே சொன்ன சாட்சியத்தை மூளை ஏறக்குறைய ஒதுக்கித் தள்ளிவிட்டது.

பட்டறையில் ஸ்பிரிங் பிரித்தவர்களுக்கு இந்த முடிவு தூக்கிவாரிப்போடும். கைப்பக்குவம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி கண்பக்குவம் என்றல்லவா ஆகிறது!

மூளை என்னும் மேற்பார்வையாளர்

அப்படியானால் கண்தான் எப்போதும் வெல்லுமா என்றால், இல்லை. 2002இல் எர்ன்ஸ்ட், பேங்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக்கினார்கள். ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணாலும் விரலாலும் ஒரே நேரத்தில் மதிப்பிடச் செய்து, பிறகு படத்தை வேண்டுமென்றே கலங்கலாக்கினார்கள். படம் தெளிவாக இருந்தவரை கண்ணின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். படம் கலங்கக் கலங்க, தீர்ப்பு விரலின் பக்கம் நகர்ந்தது.

ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே இரண்டு பரிசோதகர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொடுக்கும் அளவு ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும். இன்னொருவர் அளவு முன்னே பின்னே இருக்கும். நல்ல மேற்பார்வையாளர் இருவரையும் கேட்பார், ஆனால் முதலாமவர் சொல்லுக்கு அதிக எடை கொடுப்பார். மூளை செய்வதும் அதுவே. தூரம், வடிவம், அளவு ஆகியவற்றில் பகல் வெளிச்சத்தில் கண் மிகத் துல்லியமானது. ஆகவே அதற்கு மதிப்பு. இருட்டில் பீரோவுக்குப் பின்னால் விழுந்த சாவியைத் தேடும்போது விரலுக்கு மதிப்பு. ஆகவே இது மூளையின் கோளாறு அல்ல. சாதாரண உலகத்தில் கண்ணும் கையும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசும் என்பதால், இது நல்ல நிர்வாகம். படத்தை வேறொருவர் வரையும் உலகத்தில்தான் இந்த நிர்வாகம் ஏமாறுகிறது.

வலை ஏறும்போது கை கனக்கும்

இந்த ஏமாற்றத்தையே ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம் என்று கண்டவர்கள் உண்டு. பிரான்சு நாட்டின் அனத்தோல் லெக்குயே 2000ஆம் ஆண்டு முதல் இதில் ஆராய்ச்சி வெளியிட்டு வருகிறார். கணினியின் மவுஸை நாம் ஒரே வேகத்தில் நகர்த்துகிறோம். திரையில் ஒரு மேட்டின் படம். அம்புக்குறி மேட்டில் ஏறும்போது அதன் வேகத்தைக் குறைத்தும், இறங்கும்போது கூட்டியும் காட்டினால், மவுஸை நகர்த்தும் கைக்கு உண்மையாகவே மேடேறி இறங்குவது போன்ற உணர்வு வருகிறது. மவுஸுக்குள் மோட்டார் எதுவும் இல்லை, மேசையும் சமமாகவே இருக்கிறது. படம் மட்டுமே மாறுகிறது.

நம் ஊர் உதாரணமாகச் சொல்கிறேன். போர்ட் கொச்சிக் கடற்கரையின் சீன வலையைத் துபாயில் இருக்கும் பேரனுக்கு மெய்நிகர் கருவியில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் வெறும் பிளாஸ்டிக் கைப்பிடிதான். அவன் கையை ஒரு முழம் இழுத்தால் திரையில் கயிறும் ஒரு முழம் வந்தால், வலை காற்றுப் போல இருக்கும். ஒரு முழம் இழுக்கும்போது படத்தில் கயிறு அரை முழமே வந்து, எதிர்ப்பக்கத்தில் தொங்கும் கற்கள் மெதுவாக இறங்கி, நனைந்த வலை தயங்கித் தயங்கி எழும்பினால் அவன் கை கனக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. கை அசைவதும் படம் அசைவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். படம் பின்தங்கினால் மூளை 'இது வேறு, அது வேறு' என்று பிரித்துவிடும். பிறகு ஒன்றும் பலிக்காது.

1998இல் பாட்வினிக், கோஹன் என்ற இருவர் செய்த ரப்பர் கைச் சோதனையும் இதையே காட்டியது. ஒருவரின் கையை மறைத்துவைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சில நிமிடங்களில் ரப்பர் கையில்தான் தொடுவது போலத் தோன்றியது. வருடுவது முன்பின்னாக இருந்தபோது இந்த உணர்வு வெகுவாகக் குறைந்தது.

இல்லாத கையின் வலி

இதெல்லாம் வேடிக்கைதானே என்று கேட்கலாம். ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இது வேடிக்கை அல்ல. வண்டி கோக்கும் இடத்திலும், பட்டறையிலும், தண்டவாளத்திலும் கை கால் இழந்தவர்களை நாங்கள் அறிவோம். துண்டிக்கப்பட்ட பிறகும் அந்தக் கை அங்கேயே இருப்பது போலவும், விரல்கள் இறுக மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துவது போலவும் சிலருக்கு வலி வரும். இல்லாத கைக்கு எந்த மருந்தைத் தடவுவது?

இதற்கு வழி கண்டவர் நம் தமிழ் நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து, கலிபோர்னியாவில் பேராசிரியரான வி.எஸ். ராமச்சந்திரன். இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன் இவர். 1990களில் அவர் பயன்படுத்திய கருவி ஒரு பெட்டி, அதன் நடுவே நிறுத்திவைத்த முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன் வைத்துப் பார்த்தால், அதன் பிம்பம் இழந்த கை இருந்த இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால், இல்லாத கையும் விரிவதைக் கண் பார்க்கும். சிலருக்குப் பல காலமாக இறுகியிருந்த அந்த 'கை' அப்போது தளர்ந்தது. அவரும் அவர் துணைவியார் டயான் ரோஜர்ஸ் ராமச்சந்திரனும் 1996இல் வெளியிட்ட கட்டுரையில் இன்னொன்றும் சொன்னார்கள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நல்ல கையைத் தொட்டால், சிலருக்கு இல்லாத கையிலும் தொட்ட உணர்வு வந்தது.

2007இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்த வீரர்களிடம் நடத்திய சிறிய சோதனையிலும் கண்ணாடிப் பயிற்சி வலியைக் குறைத்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. ஆனாலும் செலவு குறைந்த, பக்கவிளைவு அதிகம் இல்லாத முறை. இன்று கண்ணாடிக்குப் பதிலாக மெய்நிகர் கருவியிலும் இதைச் செய்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் இப்படி அவதிப்படுபவர் இருந்தால், பிசியோதெரபி நிபுணரிடம் கண்ணாடிச் சிகிச்சை பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சையிலும் இதே கதைதான். டாவின்சி என்னும் ரோபோ அறுவைக் கருவிக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்று மருத்துவரின் கைக்கு அது சொல்லாது. நூல் விறைப்பதையும் தசை வெளுப்பதையும் திரையில் பார்த்தே இழுவையின் அளவைக் கணித்துப் பழகிக்கொண்டார்கள். 2024இல் அனுமதி பெற்ற புதிய வகையில்தான் இழுவையைக் கைக்கே உணர்த்தும் வசதி வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளும் கையின் வேலையைக் கண்தான் பார்த்தது.

படம் தவறினால் கை தவறும்

இப்போது என் கவலைக்கு வருகிறேன். வெல்டிங், ஓட்டுநர் பயிற்சி, அறுவைச் சிகிச்சை என்று எல்லாத் தொழிலிலும் பயிற்சி திரைக்கு மாறி வருகிறது. நம் பிள்ளைகள் பலர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், செவிலியர் படிப்புகளில் இருக்கிறார்கள். அவர்களும் இப்படித்தான் கற்பார்கள். இதை நான் எதிர்க்கவில்லை. விபத்து இல்லாமல், பொருள் வீணாகாமல் நூறு முறை பழகலாம் என்பது பெரிய வசதி. கண் கையை நம்பவைக்கும் என்பதால், விலை உயர்ந்த இயந்திரம் இல்லாமலே ஓரளவு கைப்பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கவும் முடிகிறது.

ஆனால் ஸ்ரீநிவாசனின் ஸ்பிரிங் சோதனையை மறுபடி நினைத்துப் பாருங்கள். தலைகீழான படத்தைப் பார்த்தவர்கள் தடுமாறவில்லை, சந்தேகப்படவும் இல்லை. தவறான விடையைத் தங்கள் கை சொன்னதாகவே நம்பினார்கள். பயிற்சிக் கருவியில் நட்டு இறுகும் படம் கொஞ்சம் பிசகியிருந்தால், கற்பவனுக்கு அது தெரியாது. பிசகான இறுக்கத்தையே 'சரியான இறுக்கம்' என்று அவன் கை மனப்பாடம் செய்துகொள்ளும். அந்தக் கையோடு அவன் உண்மையான போகிக்கு வருவான். ஆகவே பயிற்சிக் கருவியின் படத்தைச் சரிபார்ப்பது அழகு பற்றிய விஷயம் அல்ல, பாதுகாப்பு பற்றிய விஷயம். தராசுக்கு முத்திரை வைப்பது போல அதற்கும் அவ்வப்போது சோதனை வேண்டும்.

ரயில்வே இதை அனுபவத்தில் கற்றிருக்கிறது. அச்சுப்பெட்டி சூடேறியிருக்கிறதா என்று ஒரு காலத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்போம். இப்போது தொடாமலே வெப்பம் அளக்கும் கருவி வந்துவிட்டது. இடைவெளி சரியா என்று பார்க்க ஃபீலர் கேஜ் தகட்டை நுழைக்கிறோம். நட்டின் இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் இருக்கிறது. கையை நம்பாததால் அல்ல. கையின் தீர்ப்பில் கண்ணும் எதிர்பார்ப்பும் கலந்துவிடும் என்பதால்.

எனவே திரையில் பயிலும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது மூன்று. ஒன்று, திரையில் பத்து மணி நேரம் பழகினால் உண்மைப் பொருளில் ஒரு மணி நேரமாவது பழகுங்கள். இரண்டு, உண்மைப் பொருளில் பழகும்போது சில முறை கண்ணை எடுத்துவிட்டுக் கையால் மட்டும் கணித்துப் பாருங்கள். ஓடும் இயந்திரத்திலும் சூடான பொருளிலும் இது கூடவே கூடாது. மூன்று, கணித்ததைக் கருவியால் அளந்து பாருங்கள். போர்ட் கொச்சி டோபிகானாவில் தலைமுறைகளாகத் துவைத்துத் தேய்க்கும் நம் தமிழ்த் தொழிலாளர்கள் கஞ்சியின் பதத்தைப் பார்த்தும் சொல்வார்கள், விரலால் உரசியும் சொல்வார்கள். இரண்டு சாட்சியும் தனித்தனியே தேறியிருப்பதுதான் தேர்ச்சி.

வீட்டில் தலைக்கருவி வாங்கியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயதானவர்கள் மாட்டிப் பார்ப்பதானால் உட்கார்ந்தபடியே பார்க்கட்டும். கண் பள்ளத்தைக் காட்டினால் கால் தடுமாறும், விழுவது மட்டும் உண்மைத் தரையில்தான்.

கடல் தாண்டிய கை

வெளியூரில் வாழும் நமக்கு இதில் ஓர் ஆசையும் இருக்கிறது. 2002 அக்டோபரில் ஸ்ரீநிவாசனின் ஆய்வகமும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. பாஸ்டன் பக்கத்தில் ஒருவர், லண்டனில் ஒருவர். இடையில் அட்லாண்டிக் கடல். திரையில் தெரிந்த ஒரு பெட்டியை இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துச் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவர் தள்ளியது மற்றவர் கைக்குத் தெரிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணனின் தலைமையில் தொடு உணர்வு ஆய்வகம் இயங்குகிறது. வழுவழுப்பான திரையிலேயே சொரசொரப்பு, விளிம்பு போன்ற உணர்வுகளை விரலுக்குத் தரும் 'ஐ-டாட்' என்ற தொடுதிரையை அவர்கள் 2022இல் அறிவித்தார்கள்.

இன்று வீடியோவில் பேரக்குழந்தையின் முகத்தைப் பார்க்கிறோம். கன்னத்தைத் தொட முடியவில்லை. அந்த வசதியும் ஒருநாள் வரலாம். வந்தால், அதில் பாதியை இயந்திரம் தரும், மீதிப் பாதியை நம் கண்ணே கைக்கு இட்டு நிரப்பும். அதனால் அந்த உணர்வு பொய்யாகிவிடாது. ஆனால் வேலை செய்யும் கைக்கு மட்டும், பட்டறையிலும் மருத்துவமனையிலும் ஓட்டுநர் அறையிலும், படம் எது பொருள் எது என்று பிரித்தறியும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இரண்டு எண்ணெய் டின்களிலிருந்தே தொடங்கிவைக்கலாம்.